உறை பிரிக்காத பெட்டி

பாவாயி மலையை அரித்து, உருக்கி, அடித்து ஒரு ஃப்ரிட்ஜ் செய்து முடித்தபோது எங்கள் ஊர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, அது எத்தனை லிட்டர் என்பதுதான். இரண்டாவது கேள்வி, என்ன கம்பெனி என்பது. எப்படியம்மா செய்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, ஆறு வருஷமாக அவள் செய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம், கண்ணெதிரே நடக்கிற ஒன்றைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது.

நான் அர்த்தநாரி. டெம்போ வைத்திருக்கிறேன். முக்கால்வாசி ஏற்றுவது கல்யாணச் சீர்தான், ஆகையால் இந்த வட்டாரத்தில் எந்தப் பெண் எந்த வீட்டுக்கு என்னென்ன சாமானோடு போனாள் என்பதை அந்தப் பெண்களே மறந்துபோயிருந்தாலும் நான் மறக்கமாட்டேன். வெளியூர்க்காரர்கள் சீர் என்றால் சாமான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கம் சாமானைவிட அது வந்த அட்டைப்பெட்டிதான் முக்கியம், கம்பெனிப் பெயர் வெளியே தெரியும்படி மண்டபத்தில் அடுக்கி வைப்போம், பிறகு வீட்டுக்குப் போய் அட்டையைக் கழற்றினாலும் உள்ளே ஒட்டியிருக்கும் பாலித்தீன் உறையை மட்டும் உரிக்கமாட்டோம், உரித்துவிட்டால் சாமான் பழசாகிவிடும், சாமான் பழசானால் கொண்டுவந்த பெண்ணும் பழசாகிவிடுவாள். மேட்டுக்காட்டூரில் ஒரு வீட்டில் மேசை ஃபேன் ஒன்று பதினோரு வருஷம் உறை போட்டபடியே சுற்றியது. காற்று வராது, ஆனாலும் சுற்றியது, அதன் முன்னால் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

அதே மேட்டுக்காட்டூரில்தான் பாவாயி வாழப்போனாள். மாப்பிள்ளை பெயர் நாச்சிமுத்து, மாமியார் அத்தாயி. பீரோ, கட்டில், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் போயிற்று, ஃப்ரிட்ஜ் மட்டும் பிறகு என்று பாவாயியின் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். அத்தாயி பொறுத்துத்தான் பார்த்தாள். பேத்தி பிறந்து பத்து மாதம் வரை பொறுத்தாள்.

அன்றைக்கு எதிர்வீட்டு மருமகளுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. இறக்கியது என் வண்டியிலிருந்துதான், அதையும் சொல்லிவிடுகிறேன். வாசற்படியில் உட்கார்ந்து பாவாயி குழந்தைக்குப் பருப்புச் சோறு பிசைந்து நெய் விட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள், கிண்ணத்தில் பாதி ஆகியிருந்தது, அத்தாயி எதிர்வீட்டு அட்டைப்பெட்டியை மேலிருந்து கீழே வரை பார்த்தாள், திரும்பி வந்தாள், மடியில் இருந்த குழந்தையை அப்படியே அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எந்திரிடி. ஃப்ரிட்ஜோட வா. வந்து மீதிச் சோத்த ஊட்டு."

"அத்தை, புள்ள பாதிதாங்க சாப்பிட்டிருக்கறா..."

"அது என்ற பேத்தி. பசிச்சா நான் ஊட்டிக்கறேன்."

நாச்சிமுத்து அந்த நேரம் பார்த்துச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். செருப்பு அவன் காலில்தான் இருந்தது. வண்டி காலியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்ததால் பாவாயியை நான்தான் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழி நெடுகக் கிண்ணத்தை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள், எங்கள் ஊர் கல்லேரிப்பட்டி வரை அத்தனை மேடு பள்ளத்திலும் ஒரு பருக்கை சிந்தவில்லை. மூன்று நாள் அதை மூடிவைத்திருந்தாள். மூன்றாம் நாள், கொட்ட மனம் வராமல், புளித்து நூல் விட்ட அந்தச் சோற்றைத் தானே சாப்பிட்டாள் என்று அவள் அண்ணன் பெண்டாட்டி சொன்னாள்.

அண்ணன் நல்லவன்தான், கையில்தான் ஒன்றுமில்லை. "வாங்கறதுக்கு வழியில்ல பாவாயி, கொஞ்ச நாள் பொறு" என்றான்.

"வாங்க வேண்டாம்ணா. நானே செஞ்சுக்கறேன்."

அண்ணன் பெண்டாட்டி அடுப்படியில் இருந்தபடி, "செய்யறதா இருந்தா எங்களுக்கும் ரெண்டு சேத்து ஊத்து" என்றாள். தோசையைச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள்.

எங்கள் ஊர் மலை கறுப்பு மலை. மழை பெய்தால் ஓடையில் வெள்ளை மணலுக்கு நடுவே மை தீட்டியதுபோலக் கருமணல் படியும், அது இரும்பு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும், காந்தத்தை நூலில் கட்டி அதில் இழுத்து விளையாடுவார்கள். பாவாயி அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினாள். அள்ளுவாள், தண்ணீரில் சுழற்றுவாள், வெள்ளை மணல் வழிந்து போகும், அடியில் ஒரு விரற்கடை கருமணல் நிற்கும், அதைச் சாக்கில் கொட்டுவாள், மறுபடி அள்ளுவாள், இப்படி ஒரு மழைக்காலம் போய் இன்னொரு மழைக்காலம் வந்து அதுவும் போய், சாக்குகள் அண்ணன் வீட்டுச் சுவரோரம் இடுப்பளவு எழுந்தபோது களிமண்ணில் ஓர் உலை கட்டினாள், ஆட்டுத்தோலில் துருத்தி தைத்தாள், கரி போட்டு மணல் போட்டு கரி போட்டு மணல் போட்டு ஊதினாள்.

ஊருக்கு முதலில் கொஞ்சம் சிரிப்பாக இருந்தது, பிறகு கொஞ்சம் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. காயப்போட்ட துணியெல்லாம் புகை நாற்றம் என்று பக்கத்து வீட்டுச் சரசு சண்டைக்கு வந்தாள், வந்தவள் உலையைப் பார்த்துவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று வீட்டில் இருந்த மொண்ணை அரிவாளைக் கொண்டுவந்து கொடுத்து அடித்துத் தரச் சொன்னாள். வார்டு மெம்பர் வந்து, பொம்பளை துருத்தி ஊதினால் மழை வராது என்று யாரோ சொல்வதாகச் சொன்னார், அன்றைக்கே மழை கொட்டியது, நனைந்துகொண்டே போனார். அவ்வளவுதான் எதிர்ப்பு. அதற்குமேல் எதிர்க்க எங்களுக்கும் நேரமில்லை, ஆளுக்கு ஆயிரம் வேலை.

இரும்பைத் தகடாக அடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. மலையின் மேற்குச் சரிவில் பச்சை பூத்த கல் இருக்கிறது, அதை உருக்கிச் செம்பு எடுத்தாள், செம்பை ஆமணக்குக் குச்சி மேல் சுற்றிச் சுற்றி அடித்துக் குழாயாக்கினாள், குச்சியை எரித்துச் சாம்பலை ஊதித் தள்ளினாள். கதவு இறுக மூட வேண்டுமே, அதற்கு ஆலமரத்துப் பாலை எண்ணெய் விட்டுக் காய்ச்சி ரப்பர் மாதிரி இழுத்தாள். சுவருக்குள் அடைக்க இலவம்பஞ்சு. தட்டுகளுக்கு வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைப் படிகக் கல்லை உருக்கிக் கண்ணாடி. முட்டை வைக்கக் குழி குழியாக ஒரு களிமண் பலகை, ஏனென்றால் எதிர்வீட்டு அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்த படத்தில் அத்தாயி முதலில் பார்த்தது முட்டைக் குழியைத்தான். கதவைத் திறந்தால் உள்ளே வெளிச்சம் வேண்டும் என்று ஒரு செம்புத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, வெளியில் இருக்கும் பகலை வாங்கி உள்ளே விடும்படி பொருத்தினாள். மேலே சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து ஒன்பது பூச்சு. விரலால் தொட்டால் விரல் வழுக்கும்.

இடையில் வருஷா வருஷம் பொங்கலுக்கு மேட்டுக்காட்டூர் போய் அந்த வாசலில் நிற்பாள். கதவு திறக்காது. பிள்ளைக்குப் பிரதீபா என்று பெயர் வைத்திருப்பதையும், பள்ளியில் சேர்த்திருப்பதையும், முன்பல் விழுந்ததையும் நான்தான் சாமான் ஏற்றப் போகும்போது விசாரித்து வந்து சொல்வேன். பல் விழுந்ததைச் சொன்ன அன்றைக்குச் சம்மட்டியைக் கீழே வைக்காமல் பொழுது சாயும் வரை அடித்தாள்.

எல்லாம் கூடி வந்தபோது சேலத்திலிருந்து ஃப்ரிட்ஜ் மெக்கானிக் சலீம் பாயை நான் அழைத்து வந்தேன். அவர் பெட்டியைச் சுற்றி வந்தார், குழாயைத் தட்டிப் பார்த்தார், கதவை மூடித் திறந்தார்.

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. ஆனா கேஸ் இல்லாம இது வெறும் பீரோ."

"எதுல கேஸ் விடணும் பாய்?"

அவர் குழாயின் முனையைக் காட்டினார். பாவாயி மண்டியிட்டு உட்கார்ந்து அதில் வாயை வைத்து ஊதினாள். மாமியார் வீட்டிலிருந்து வந்த நாளிலிருந்தே அவள் மூச்சு சில்லென்றுதான் இருந்தது, அது ஊருக்கே தெரியும், பிள்ளைகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் அவளிடம்தான் கூட்டிப்போய் ஊதச் சொல்வார்கள், எரிச்சல் அடங்கி பிள்ளைக்குப் பல் கிட்டும். வயிறு எரிந்து எரிந்து ஒரு கட்டத்துக்கு மேல் எரிய ஒன்றும் இல்லாமல் போனால் அப்படித்தான் ஆகும்போல. காலையில் ஆரம்பித்தவள் உச்சிவேளை வரை ஊதினாள். பிறகு அரக்கு வைத்து முனையை அடைத்தாள். சாயங்காலம் உள்ளே வைத்த சொம்புத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பல் கூசியது.

"ஒயர் எங்கம்மா?" என்றார் சலீம் பாய்.

"எதுக்குங்க?"

அவர் யோசித்தார். "அதுவும் சரிதான். கரண்ட் இருக்கறப்ப ஓடறதுக்கு எல்லாராலயும் முடியும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

எத்தனை லிட்டர், என்ன கம்பெனி எல்லாம் கேட்டு முடித்த பிறகு ஊர் தன் சாமான்களைக் கொண்டுவந்து அதில் வைத்தது. வைத்தது வைத்தபடி இருந்தது, அதுதான் குறை. சரசு வைத்த தோசை மாவு ஐந்து நாளாகியும் புளிக்கவில்லை, கல்லில் ஊற்றினால் அட்டையாக வந்தது. உறை ஊற்றி வைத்த பால் பாலாகவே இருந்தது. மறந்துபோய் வைத்த கனகாம்பரம் பறித்த மேனிக்கு இருந்தது, அதைத் தலையில் வைத்துக்கொள்ளப் பெண்கள் பயந்தார்கள். "கொஞ்சமாவது கெட்டாத்தாண்டி அது ஃப்ரிட்ஜ்" என்று சரசு தீர்ப்புச் சொன்னாள், ஒரே வாரத்தில் ஆளாளுக்குத் தங்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பாவாயிக்கு அது வசதியாகப் போயிற்று. வண்டியில் ஏற்றுகிற அன்று காலையில் பருப்பை வேகவைத்தாள், சோற்றைக் குழைத்தாள், நெய் விட்டுப் பிசைந்து அதே கிண்ணத்தில் சரியாகப் பாதி அளவுக்கு வைத்து, நடுத்தட்டில் வைத்துக் கதவை மூடினாள்.

"ஏழு வயசுப் புள்ளைக்கு எதுக்கு பாவாயி குழைச்ச சோறு?" என்றேன்.

"மீதிச் சோத்த வந்து ஊட்டுன்னுதானேண்ணா சொன்னாங்க."

மேட்டுக்காட்டூரில் இறக்கினோம். அத்தாயி வெளியே வந்தாள். தெருவும் வந்தது. அத்தாயி பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். கதவைத் திறந்து பார்க்கவில்லை, தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அட்டை எங்க?"

"அட்டை இல்லீங்க அத்தை."

"உறை எங்க? சரி, ஸ்டிக்கராச்சும் இருக்குதா? நட்சத்திரம் போட்டு ஒட்டியிருப்பானே?"

"நானே செஞ்சதுங்க அத்தை. மலையிலருந்து..."

"யாரோ ஓட்டித் தேச்ச பெட்டிய அரை விலைக்கு வாங்கிச் சுண்ணாம்பு அடிச்சுக் கொண்டாந்து நிறுத்திட்டு, செஞ்சேங்கறா பாரு" என்று அத்தாயி தெருவைப் பார்த்துச் சொன்னாள். தெரு தலையாட்டியது. செய்ததாகவே இருந்தாலும் வீட்டில் செய்ததை யாராவது சீர் வைப்பார்களா என்று ஒருத்தர் கேட்டார், அது நியாயம் என்று இன்னொருத்தர் சொன்னார். பாவாயியின் இரண்டு உள்ளங்கையும் காய்த்துக் கறுத்து, ரேகையே இல்லாமல் இருந்தன, அவற்றை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றாள், அவற்றிலும் ஸ்டிக்கர் இல்லை. கதவுக்குப் பின்னால் இருந்து முன்பல் இல்லாத ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். பாவாயி "கண்ணு" என்றாள். சிறுமி அத்தாயியின் சேலைக்குள் புகுந்துகொண்டாள்.

பெட்டியை மறுபடி ஏற்றிக்கொண்டு திரும்பி வரும் வழியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அப்போது அதை என் புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன். சீர்ச் சாமான் விற்கும் கடை ஒன்றில் சொல்லி, ஷோரூமில் நிறுத்திய மாடலின் காலி அட்டையை வாங்கி வந்தேன், தெர்மோகோல் வந்தது, பாலித்தீன் வந்தது, பெரிய கம்பெனிப் பெயர் நான்கு பக்கமும் இருந்தது.

"ஒரே ஒரு விஷயம் பாவாயி. நீ செஞ்சதுன்னு இனி ஆருகிட்டயும் வாயத் திறக்கப்படாது. கடையில வாங்குனது. அவ்வளவுதான்."

அவள் பெட்டியின் கதவை ஒருதரம் தடவிப் பார்த்தாள். "அப்ப இந்த ஆறு வருசம் நான் என்ன செஞ்சேன்ணா?"

"உனக்குப் பேரு வேணுமா, புள்ள வேணுமா?"

இப்படி ஒரு கேள்வியை ஒரு தாயிடம் கேட்டுவிட்டு நான் இன்றைக்கும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் பாலித்தீனைச் சுற்ற ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், நான் மறுமுனையைப் பிடித்தேன், ஒன்பது பூச்சுப் பூசிய வெள்ளை மேல் அதை இழுத்துச் சுற்றினோம். "உள்ள கிண்ணம் இருக்குதுண்ணா" என்றாள். "இருக்கட்டும், திறந்ததும் ஊட்டிக்கலாம்" என்றேன். டேப்பை ஒட்டியது நான்தான். மூலைக்கு மூலை குறுக்கு டேப், அது என் பழக்கம்.

இந்தத் தடவை ஆரத்தி எடுத்தார்கள்.

பாவாயி உள்ளே போனாள், பெட்டியும் போனது, கூடத்தில் எல்லாருக்கும் தெரிகிற மூலையில் நின்றது. நல்ல நாள் பார்த்துப் பிரிக்கலாம் என்றாள் அத்தாயி. ஆடி வந்தது, ஆடியில் பிரிக்கக்கூடாது. மார்கழியில் பிரிக்கக்கூடாது. வோல்டேஜ் சரியில்லை, ஸ்டெபிலைசர் வரட்டும். ஸ்டெபிலைசர் வந்தது, அதையும் உறை பிரிக்காமல் பெட்டியின் தலைமேல் வைத்தார்கள். கடைசியில் ஒருநாள் அத்தாயிக்குப் பொறி தட்டியது. "எதுக்குப் பிரிக்கணும்? நாளைக்குப் பிரதீபாவுக்குச் சீர் வெக்கறதுக்கு ஆச்சு." அன்றையிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பூப்போட்ட துணி ஒன்று தைத்துப் போர்த்தி, வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள்.

அட்டையும் உறையும் தாண்டிக் குளிர் வரத்தான் செய்தது. வெயில் காலத்தில் நாச்சிமுத்து அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பேப்பர் படிப்பான். எதிர்வீட்டிலிருந்து பால் பாக்கெட்டைக் கொண்டுவந்து மேலே வைத்துவிட்டுப் போவார்கள். நாய் அதன் அடியில்தான் படுக்கும். பிளக் மாட்டாத பெட்டி எப்படிக் குளிர்கிறது என்று யாரும் கேட்கவில்லை, பெரிய கம்பெனி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

பிரதீபா அத்தாயியைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். அத்தாயியிடம் நீ, வா, போ. பெற்றவளிடம் வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா, ஊரிலிருந்து வந்து தங்கிவிட்ட ஒரு விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி, ஒரு குறை சொல்ல முடியாத மரியாதை. தட்டில் சோறு போட்டு வைத்தால் சாப்பிடுவாள், பாவாயி கையில் உருட்டி நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பாவாயி என்னிடம் ஒரே ஒருதரம் சொன்னாள், "பெட்டியப் பிரிக்கட்டும்ணா. அந்த மீதிச் சோறு ஒரு வாய் உள்ள போயிட்டா எல்லாம் சரியாயிடும்." தலையாட்டினேன். ஆட்டினேனே ஒழிய, அத்தாயியிடம் போய் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் அவளை மறுபடி வெளியே அனுப்புவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினைந்து வருஷம் இப்படி ஓடிற்று.

போன ஆனி மாதம் பிரதீபாவுக்குக் கல்யாணம். சீர் ஏற்ற என்னைத்தான் கூப்பிட்டார்கள். பூப்போட்ட துணியை எடுத்தபோது என் டேப்புகள் மூலைக்கு மூலை குறுக்காக அப்படியே இருந்தன, கம்பெனிப் பெயர்தான் கொஞ்சம் வெளுத்திருந்தது. தூக்கும்போது கை விறைத்தது. பாவாயி புதுச் சேலை கட்டியிருந்தாள், மாப்பிள்ளை வீடு போய்ச் சேர்ந்ததும் யாரும் சொல்லாமலே குழாயடிக்குப் போய் வலதுகையைச் சோப்புப் போட்டு மணிக்கட்டு வரை கழுவிக்கொண்டு வந்து நின்றாள். இன்றைக்குப் பிரிப்பார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை.

பிரித்தார்கள். காலம் மாறிவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. இப்போதெல்லாம் உறையை வைத்துக் காப்பாற்றுவதில்லை, பிரிப்பதைச் செல்போனில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்புகிறார்கள். மாப்பிள்ளையின் தங்கை போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, பிரதீபாவே கத்தரிக்கோலால் என் டேப்பை வெட்டினாள். அட்டை விழுந்தது. தெர்மோகோல் விழுந்தது. பாலித்தீனைச் சரசரவென்று இழுத்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு பெட்டி, எந்தப் பெயரும் இல்லாமல்.

கதவைத் திறந்தபோது கூடத்தில் இருந்தவர்களெல்லாம் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள், ஒருத்தர் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். செம்புத் தகடு பகலை வாங்கி உள்ளே விட்டது. நடுத்தட்டில் கிண்ணம் இருந்தது. பருப்புச் சோறு, நெய் பளபளப்புக்கூடக் குறையாமல், சற்று முன்னால் யாரோ பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோன மாதிரி.

"அடியாத்தா, உள்ள ஆரோ தின்ன கிண்ணம்!" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "பாதி தின்னு மீதி வெச்சிருக்குது பாரு. நேத்து வரைக்கும் எந்த வீட்டுலயோ ஓடியிருக்குது." பிறகு ஒரு பார்வை பார்த்து, "அதுவும் ஒத்தக் கதவு. இந்தக் காலத்துல ஒத்தக் கதவு ஆரு வாங்கறா?" என்றாள். அத்தாயி வயசான கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெயர் இல்லாத பெட்டியைப் பார்த்தாள், பாவாயியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாச்சிமுத்து குனிந்து செருப்பைத் தேடினான்.

பாவாயிக்கு இது எதுவும் காதில் விழவில்லை. நேராகப் போய்க் கிண்ணத்தை எடுத்தாள், ஒரு கவளம் உருட்டினாள், கல்யாணப்பெண்ணின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"கண்ணு, இது உனக்கு வெச்ச சோறு. நீ பாதிதான் சாப்பிட்டே. இந்தப் பெட்டி அம்மா செஞ்சதுடி."

பிரதீபாவின் முகம் சிவந்துபோயிற்று. போன் இன்னும் அவளைப் பார்த்தபடிதான் இருந்தது.

"நீ எல்லாரையும் ஏமாத்திட்டியா?" என்றாள். பிறந்ததிலிருந்து பாவாயியை அவள் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

கிண்ணத்தை வாங்கினாள். நீட்டிய கவளத்தையும் பாவாயியின் விரல்களிலிருந்து வழித்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டாள். இன்னும் நாலு பேர் வந்து பார்ப்பதற்குள் விடுவிடுவென்று பின்கட்டுக்குப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள், தேங்காய் நார் எடுத்துச் சாம்பல் போட்டுத் துலக்கினாள், சுத்தமாகக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து பாவாயியின் கையில் கொடுத்தாள். சமத்துப் பெண், வந்த அன்றைக்கே காரியம் பார்க்கத் தெரிகிறது என்று மாப்பிள்ளை வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் சொன்னாள். "ஆடிக்குப் பொண்ண அழைக்க வருவீங்கல்ல. திருப்பிக் கொண்டாந்து விடறப்ப ரெண்டு கதவுப் பெட்டியோட வாங்க. இல்லீன்னா பொண்ணு அங்கயே இருக்கட்டும், எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல." குறை சொன்ன பெட்டியைத் திருப்பி ஏற்றச் சொல்லவில்லை. அதில் அதற்குள் யாரோ ஐந்தாறு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

மற்றவர்கள் காரில் போனார்கள். பாவாயி என் வண்டியில் ஏறினாள். அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தாள், மடியில் கிண்ணம், இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், சிந்துவதற்குத்தான் அதில் ஒன்றுமில்லை.

"நான் அந்த அட்டையப் போட்டிருக்கக் கூடாது பாவாயி" என்றேன். இருபது கிலோமீட்டர் ஓட்டிய பிறகுதான் எனக்கு அந்த ஒரு வரி வந்தது. "நீ செஞ்சதுன்னு அன்னிக்கே நாலு பேரு முன்னால கத்திச் சொல்லியிருக்கணும்."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் மழை பெய்திருந்தது. மேட்டுக்காட்டூருக்குப் போகும் வழியில் எங்கள் ஊர் ஓடைப் பாலம் வந்ததும், "இங்க நிறுத்துங்கண்ணா" என்றாள்.

நிறுத்தினேன். இறங்கினாள். கீழே மணலில் கறுப்புக் கோடு கோடாகப் படிந்திருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் இறங்கப்போனவளை, "ஆடி முடிய ரெண்டு மாசம்கூட இல்லையே பாவாயி" என்று கூப்பிட்டேன். "போன பெட்டிக்கு ஆறு வருசம் ஆச்சு. உனக்கும் வயசாயிடுச்சு, மூச்சு வேணுமே."

"ஆடிக்கு வந்து அவ மேட்டுக்காட்டூர்ல இருக்கறது ஆறு வருசமா ஆனாலும் மூச்சு இருக்குதுண்ணா. முன்னைக்கு இப்ப நல்லாவே இருக்குது." சொல்லும்போதே அவள் வாயிலிருந்து வந்த குளிர் ஜன்னல் வழியாக என் முழங்கையில் பட்டது. கையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இரண்டடி இறங்கியவள் திரும்பி நின்றாள். கழுவித் துடைத்த அந்தக் கிண்ணம் வெயிலில் மின்னியது.

"அட்டை மட்டும் நீங்க இப்பவே பாத்து வெச்சிருங்கண்ணா" என்றாள். "ரெண்டு கதவு போட்டதா."